கறுப்பு கோட்டைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: நான் 3 வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். பட்டிமன்றங்களில் பேசிப் பழக்கம் உண்டு. ஒரு கட்சி என்னைப் பேச்சாளராக வரச் சொல்கிறது. “இப்போதே மேடை ஏறினால் தொழில் போய்விடும்” என்கிறார் சீனியர். சர்ச்சிலுக்கே பேச்சில் வழிகாட்டிய காக்ரன், அயர்லாந்திலிருந்து வந்த வக்கீல் என்று படித்தேன். அவரும் கோர்ட்டிலிருந்து நாடாளுமன்றம் போனவர்தானே? அவரைப் போல நானும் துணிந்து இறங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அவர் கதையை முழுதாகப் பார்த்தால், உங்கள் சீனியர் பக்கமும் கொஞ்சம் சாய வேண்டியிருக்கும்.

வில்லியம் பர்க் காக்ரன் 1854-ல் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்தவர். பஞ்சத்துக்குப் பயந்து கப்பலேறியவர் அல்ல. பிரான்சிலும் படித்துவிட்டு, 17 வயதில் நியூயார்க் வந்தார். அங்கே வாத்தியார் வேலை, பிறகு டக்காஹோ என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியர் பதவி. அதற்கு நடுவிலேயே சட்டம் படித்து 1876-ல் வக்கீலானார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குள் அவர் நுழைந்தது 1887-ல். இடையில் 11 வருடத் தொழில் இருக்கிறது. உங்களுக்கு 3 வருடம், அதுவும் சீனியரின் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு!

அந்த 11 வருடம் அவருக்கு என்ன கொடுத்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1889-ல் முதல் பதவிக்காலம் முடிந்ததும் அவர் நேராகக் கோர்ட்டுக்குத் திரும்பினார். மின்சார நாற்காலியில் மரண தண்டனை என்று நியூயார்க்கில் அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. அதில் சிக்கிய கெம்லர் என்ற கொலைக் கைதிக்காக, இது கொடூரமான தண்டனை என்று காக்ரன் வாதாடினார். அரசுத் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் எடிசன்! மின்விளக்கு எடிசனேதான். அவரையும் காக்ரன் குறுக்கு விசாரணை செய்தார். (எடிசனின் தொழில் போட்டியாளரான வெஸ்டிங்ஹவுஸ்தான் ஃபீஸ் கொடுத்தார் என்று ஊரே பேசியது, வெஸ்டிங்ஹவுஸ் மறுத்தார்.) வழக்கு தோற்றது. 1890 ஆகஸ்டில் தண்டனை நிறைவேறியது. ஆனாலும் எம்.பி. பதவி போனபின் வாசலில் வழக்கோடு யாராவது வருவார்களா என்று காத்திருக்கும் நிலை அவருக்கு இல்லை.

அதனால்தான் சொந்தக் கட்சியையே எதிர்க்க முடிந்தது. ஜனநாயகக் கட்சியின் 1892 மாநாட்டில், கிளீவ்லாந்தை வேட்பாளராக்கக் கூடாது என்று நள்ளிரவு தாண்டிப் பேசினார். எடுபடவில்லை, கிளீவ்லாந்து ஜனாதிபதியே ஆகிவிட்டார். 1896-ல், தங்கத்தோடு வெள்ளியையும் தடையில்லாமல் நாணயமாக்க வேண்டும் என்ற கொள்கை பிடிக்காமல், தன் கட்சி வேட்பாளர் பிரையனை விட்டு எதிரணி மெக்கின்லிக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பேசினார். பிலிப்பைன்ஸை அமெரிக்கா பிடித்து வைத்துக்கொள்வது அநியாயம் என்று தோன்றியதும், 1900-ல் அதே பிரையனுக்கே பிரசாரம். 1912-ல் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி சார்பில் கீழவைக்கு நின்று தோற்றார்.

இதைக் கொள்கை என்பதா, கட்சித் தாவல் என்பதா? 1896-ம் 1900-ம் கொள்கை என்றே நினைக்கிறேன். 1892-ல் அவர் டாமனி ஹாலின் குரலாகப் பேசினார். நியூயார்க் ஜனநாயகக் கட்சியைக் கையில் வைத்திருந்த, ஊழலுக்குப் பேர் போன அமைப்பு அது. பின்னாளில் அதன் தலைமைப் பட்டமும் இவருக்குக் கிடைத்தது. அப்பழுக்கற்ற தியாகி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

விலையும் கொடுத்தார். கீழவைக்கு விட்டு விட்டு நான்கு முறை போனவர், செனட்டரும் ஆகவில்லை, அமைச்சரும் ஆகவில்லை. 1895-ல் கியூபா போகும் வழியில் 20 வயது சர்ச்சில் அவர் வீட்டில் தங்கினார். அந்தப் பழக்கத்தால்தான் இன்று அவர் பெயர் நம் காதில் விழுகிறது. 1946-ல் அமெரிக்காவின் ஃபுல்டனில், சோவியத் ஆதிக்கம் ஐரோப்பாவைப் பிரித்த ‘இரும்புத் திரை’ பற்றிப் பேசிய அதே உரையில், பூமி தாராள குணமுள்ள தாய், எல்லோருக்கும் போதுமானது இருக்கிறது என்ற காக்ரனின் வாக்கை நன்றியோடு சொன்னார் சர்ச்சில். காக்ரன் இறந்து அப்போது 23 வருடம் ஆகியிருந்தது.

இப்போது உங்கள் விஷயம். மேடையை மறுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் முழுநேரப் பேச்சாளராகப் போகாதீர்கள். கோர்ட் இல்லாத நாட்களில் மட்டும் வருவதாகச் சொல்லிப் பாருங்கள்; அதற்குக் கட்சிக்காரர்கள் முகம் சுளித்தால், உங்களை எதற்கு அழைக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். எந்த விஷயத்தில் கட்சிக்காக வாயைத் திறக்கமாட்டீர்கள் என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சீனியரிடம் வாய்தா வாங்குகிற வேலை போதும், சாட்சி விசாரணை ஒன்றைக் கொடுங்கள் என்று கேளுங்கள். சொந்தமாக வக்காலத்து போட்டு, ஆபீஸ் வாடகையை உங்கள் ஃபீஸிலிருந்தே கட்ட முடிகிற வரை தேர்தலில் நிற்கும் பேச்சை மட்டும் தள்ளி வையுங்கள்.