இரண்டாவது கோட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாட்டர்கலர் பழக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கலர் மேல் இன்னொன்றை ஏற்றினாலே படம் சேறாகிவிடுகிறது. காய்ந்த பிறகுதான் அடுத்த கோட் போடுகிறேன், ஹேர் டிரையரும் வைத்திருக்கிறேன். எல்லோரும் பொறுமை வேண்டும் என்கிறார்கள். அதை எப்படி வரவழைத்துக்கொள்வது?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

காய வைக்கிறீர்கள் என்றால் பாதிப் பொறுமை ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதி பிரஷ் பிடிக்கும் கைக்கு வேண்டும்.

வாட்டர்கலரைத் தாளில் பிடித்துவைப்பது கம் அராபிக் என்ற பிசின். அக்ரிலிக் என்ற இன்னொரு வகைப் பெயிண்ட் காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. இந்தப் பிசின் அப்படியல்ல, காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். அதனால் இரண்டாவது கோட்டை ஒரே இழுப்பில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மிருதுவான அகலப் பிரஷ், நன்றாக நீர்த்த கலர். இழுத்த பிறகு நடுவில் ஒரு திட்டு தெரியும், சரிசெய்யலாமே என்று கை துறுதுறுக்கும். சேறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. கீழே இருக்கும் கலர் கிளம்பி மேலே இருப்பதோடு கலந்துவிடும். திட்டு இருந்தால் இருக்கட்டும், அடுத்த கோட்டில் பாதி அடங்கிவிடும்.

கலரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃப்தாலோ புளூ தாளைக் கறைபோல் பிடித்துக்கொள்ளும், லேசில் கிளம்பாது. அல்ட்ராமரைன் என்ற நீலம் சீக்கிரம் கிளம்பிவிடும். குவினாக்ரிடோன் ரோஸ் கண்ணாடி மாதிரித் தெளிவு. காட்மியம் மஞ்சள், சிவப்பு வகைகள் கீழே இருப்பதை மூடிவிடும், மேல் கோட்டுக்கு நான் அவற்றைத் தொடுவதே இல்லை.

காய்வதைப் பற்றியும் ஒன்று. பளபளப்பு அடங்கியதும் காய்ந்துவிட்டதாக நினைக்கிறோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள கனமான காட்டன் தாள் அதற்குப் பிறகும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை. அந்த அரை ஈரத்தில் கோட் போட்டால் புதுத் தண்ணீர் பழைய கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சுருள் சுருளாகச் சேர்க்கும். காலிஃபிளவர் என்பார்கள். டிரையரில் உள்ள சிக்கலும் இதுதான். தாள் சூடாக இருப்பதால் புறங்கைச் சோதனை பொய் சொல்லிவிடும். டிரையரை அணைத்து, தாள் ஆறிய பிறகு தொடுங்கள். மழைக்காலத்தில் இதற்கு நேரம் கூடுதலாகும், அவசரப்படுத்த வழியில்லை.

சும்மா உட்கார்ந்து காத்திருக்க யாராலும் முடியாது. ஆங்கில ஓவியர் டர்னர் வேலை செய்த விதம் பற்றி ஒரு குறிப்பு உண்டு. நான்கு பலகைகளை வரிசையாக வைத்துக்கொள்வாராம். முதல் தாளை நனைத்துக் கலர் ஓடவிட்டு, காய வைத்துவிட்டு இரண்டாவதுக்குப் போவார். நான்காவது முடிவதற்குள் முதலாவது தயாராகியிருக்கும். பொறுமைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

நீங்கள் இரண்டு தாளில் ஆரம்பியுங்கள். ஒரே படத்தையே இரண்டிலும் போடலாம். ஒன்றில் இரண்டு கோட்டோடு நிறுத்துங்கள், மற்றதில் மூன்று. எதில் வெளிச்சம் தங்கியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.