பிரஷ்லெஸ் மோட்டாருக்கு எந்தச் சிப் வாங்கலாம்? காரைக்குடிப் பட்டறையிலிருந்து பதில்கள்

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மாடியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் மேசையும் உண்டு. பிரஷ்லெஸ் மோட்டாரை (கார்பன் பிரஷ் இல்லாதது, காயில்களுக்கு மாறி மாறி மின்சாரம் கொடுத்து ஓட்டுவது) ஓட்ட எந்த மைக்ரோகண்ட்ரோலர் (நிரல் ஓடும் சின்னச் சிப்) என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணே, இறுதியாண்டு பிராஜெக்ட். 24 வோல்ட் மோட்டார், 14 காந்தம், ஹால் சென்சார் (காந்தம் நிற்கும் இடத்தைச் சொல்வது) இருக்கிறது. கையில் இருக்கும் ஆர்டுயினோ ஊனோ போதுமா? (காரைக்குடி மாணவர்)

சிக்ஸ் ஸ்டெப் முறைக்குப் போதும் தம்பி, ஒவ்வொரு துருவ ஜோடிக்கும் ஆறு தடவை ஃபேஸை, அதாவது மின்சாரம் போகும் காயிலை, மாற்றும் முறை அது. 14 காந்தம் என்றால் 7 துருவ ஜோடி. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 50 × 7 × 6, அதாவது 2,100 தடவை ஃபேஸ் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 476 மைக்ரோசெகண்ட் கிடைக்கிறது. தாராளம்.

எஃப்ஓசி (காயில் கரண்ட்டை ஓயாமல் அளந்து, காந்தத்தின் நிலைக்கு ஏற்பத் திருத்தும் முறை) செய்யப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்மில் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுப்பது) ஒரு பிடபிள்யூஎம் சுற்றுக்கு 50 மைக்ரோசெகண்ட்தான். ஊனோவின் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி), வழக்கமான அமைப்பில் ஒரே ஒரு தடவை கரண்ட்டைப் படிக்கவே 104 மைக்ரோசெகண்ட் எடுக்கும். அப்புறம் எங்கே கணக்குப் போடுவது?

இஎஸ்பி32 சிப் ஓடுவது 240 மெகாஹெர்ட்ஸில், எஸ்டிஎம்32ஜி431 ஓடுவது 170இல். நீங்கள் ஏன் எப்போதும் இரண்டாவதையே சொல்கிறீர்கள்? (தேவகோட்டை)

மெகாஹெர்ட்ஸைப் பார்த்துச் சிப் வாங்குவது, தூணை எண்ணி வீடு வாங்குவது மாதிரி. ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

நான் முதலில் பார்ப்பது டைமர். மேல் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) அணைந்து கீழது திறப்பதற்குள் விட வேண்டிய டெட் டைமை அதுவே போட வேண்டும். பிடபிள்யூஎம் சுற்றின் சரியான புள்ளியில் ஏடிசியை அதுவே தட்டி எழுப்ப வேண்டும். கரண்ட் எகிறினால் நிரலைக் கேட்காமலே ஆறு வெளியீட்டையும் அணைக்கும் பிரேக் உள்ளீடும் வேண்டும். ஜி431இல் இவை எல்லாம் இருக்கின்றன. கூடவே சிப்புக்குள்ளேயே 3 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குவது), 4 கம்பரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடுவது). கரண்ட்டை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டரிலிருந்து நேராக உள்ளே கொண்டுபோகலாம்.

இஎஸ்பி32இலும் மோட்டாருக்கான பிடபிள்யூஎம் பகுதி உண்டு, டெட் டைமும் உண்டு. ஏடிசி படிக்கும் அளவில்தான் இரைச்சல். வைஃபை வேண்டும் என்பவர் எடுக்கலாம். ஆனால் விலை குறைவு என்று இஎஸ்பி32-சி3 வாங்கிவிடாதீர்கள், அதில் அந்தப் பகுதியே கிடையாது.

ஒரு சொந்தச் சோகம். மோட்டார் ஓடும்போது டீபக்கரில் (பிழை தேட நிரலை நடுவில் நிறுத்தும் கருவி) நிரலை நிறுத்தினேன். சிபியு நின்றது, டைமர் நிற்கவில்லை. ஒரே காயிலில் கரண்ட் ஏறி இரண்டு மாஸ்ஃபெட் புகைந்துபோயின. டீபக் நேரத்தில் டைமரையும் நிறுத்த எஸ்டிஎம்32இல் ஒரு அமைப்பு இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

புளூ பில் போர்டு? (பள்ளத்தூர்)

எஸ்டிஎம்32எஃப்103 சிப் வைத்த சின்னப் போர்டு அது, பழகலாம். 72 மெகாஹெர்ட்ஸ், டைமர் நல்ல டைமர். தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் இல்லை, முழு எண்ணில் எழுதிப் பழகணும். போலிச் சிப் நிறைய உலவுகிறது.

முகப்பில் பிஎல்டிசி (பிரஷ்லெஸ் மோட்டார்) ஃபேன் போர்டு போய்விட்டது. நானே ஒன்று செய்து மாட்டலாமா? (கானாடுகாத்தான்)

சிப் பெரிய விஷயமே இல்லை ஐயா. 30 வாட் சொச்சம், நிமிடத்துக்கு 350 சுற்று. சாதாரணச் சிப்பே போதும். பயம் வேறு இடத்தில். சில போர்டுகளில் 230 வோல்ட்டை அப்படியே டிசி ஆக்கி 325 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள், மெயின் லைனிலிருந்து தனிமைப்படுத்தல் கிடையாது. அதில் லேப்டாப்பைச் செருகினால் லேப்டாப் போகும், ஆளும் போகலாம். அந்த மாதிரிப் போர்டு என்றால் கடையில் மாற்றுப் போர்டு வாங்கி மாட்டுங்கள். விளையாட்டெல்லாம் 24 வோல்ட்டில்.

பழைய மோட்டார் ஒன்று கிடைத்தது. எத்தனை துருவம் என்று பிரிக்காமல் தெரியுமா? (கோட்டையூர்)

தெரியும். பெஞ்ச் சப்ளையில் கரண்ட்டை 1 ஆம்பியருக்குக் கட்டி, மூன்று ஒயரில் ஏதாவது இரண்டில் கொடுங்கள். தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அங்கங்கே பிடித்து நிற்கும். எத்தனை இடத்தில் நிற்கிறதோ அத்தனை துருவ ஜோடி. சுற்றத் தொடங்கிய இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறும்.