ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண்சாலைகளில் கூடாரமடித்துப் பயணம் போனவர்கள் இருக்கிறீர்களா? குழந்தைகளோடு போகலாமா?

நான் அடிலெய்டில் வசிக்கிறேன். வடக்கே உள்ள மண்சாலைகளில் மனைவி, மகளோடு போய்வந்திருக்கிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பேர்ட்ஸ்வில் தடத்தை வைத்தே பதில் சொல்கிறேன். தென் ஆஸ்திரேலியாவின் மாரி என்ற சிற்றூரில் தொடங்கி, குயின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டியதும் வரும் பேர்ட்ஸ்வில்லில் முடிகிறது. ஏறத்தாழ 517 கிலோமீட்டர், பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது சுற்றுலாவுக்காக உருவான சாலை அல்ல, மாடுகள் நடந்து உருவான சாலை. 1884இல் மாரிக்கு ரயில் வந்தது. குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் வெளிகளிலிருந்து மந்தைகளை வாரக்கணக்கில் நடத்திக்கொண்டுவந்து இங்கே ரயிலேற்றினார்கள். இடையில் நம்பத்தக்க தண்ணீர் கிடையாது. எனவே 1890களில் வழிநெடுக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. கிரேட் ஆர்ட்டீசியன் படுகை என்ற மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் இந்தப் பாலைக்கு அடியில் இருக்கிறது. துளையிட்டால் அழுத்தத்தில் தண்ணீர் தானாகவே மேலே வரும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. அதற்கெல்லாம் முன்பே டியேரி என்ற பூர்வகுடி மக்கள் இந்த நிலத்தின் ஒவ்வொரு ஊற்றையும் அறிந்து வாழ்ந்தவர்கள்.

இப்போது மாடுகள் லாரியில் போகின்றன. ஆனால் இரண்டு பக்கமும் நீங்கள் பார்க்கும் வெட்டவெளி முழுவதும் இன்றும் மாட்டுப் பண்ணைகள்தான். மாரிக்கு வடக்கே சிறிது தூரத்தில் ஒரு கம்பிவேலி சாலையைக் குறுக்கே வெட்டும். டிங்கோ என்ற காட்டு நாய்களைத் தடுக்க நாட்டின் குறுக்கே 5,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் வேலி அது. அதற்குத் தெற்கே ஆடு, வடக்கே மாடு. வளர்ந்த மாட்டை டிங்கோ எளிதில் வீழ்த்த முடியாது என்பதுதான் காரணம். அந்த வேலியைத் தாண்டும்போதெல்லாம் வேறொருவருடைய தொழிலிடத்துக்குள் நுழைகிறோம் என்ற எண்ணம் எனக்கு வரும்.

கூடாரம் எங்கே அடிப்பது என்பதை இந்த எண்ணத்தோடுதான் தீர்மானிக்க வேண்டும். மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியிலிருந்து 500 மீட்டருக்குள்ளும், வீடு, கொட்டகை போன்றவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் தங்கக்கூடாது என்பது தென் ஆஸ்திரேலியச் சட்டம். ஏன் இந்தக் கண்டிப்பு என்பதை ஒரு மாலையில் கண்ணால் பார்த்தேன். தொட்டியை ஒட்டி யாரோ வண்டியை நிறுத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது நாற்பது மாடுகள் தூரத்திலேயே நின்றுவிட்டன. முன்னால் நின்ற கிழட்டுப் பசு நாலடி எடுத்து வைக்கும், மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிக்கும், திரும்பிவிடும். கன்றுகள் அதன் பின்னாலேயே போகும், வரும். நாங்கள் போய்ச் சொன்னதும் அவர்கள் உடனே வண்டியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் பசு வந்து தொட்டியில் வாய் வைத்தது. மாடுகள் பகல் முழுவதும் மேய்ந்துவிட்டு பல கிலோமீட்டர் நடந்து வருவது அந்த ஒரு தொட்டிக்காகத்தான். அதை மறித்துக்கொண்டு உட்காருவது பெரிய கொடுமை.

வழியில் வரும் பண்ணை வேலிக் கதவுகளுக்கும் ஒரே விதி. திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். நல்லெண்ணத்தில் ஒரு கதவை மூடினாலும் அந்தப் பக்கம் தண்ணீர் இல்லாமல் மந்தை சிக்கிக்கொள்ளலாம்.

ரோடு டிரெயின் என்று அழைக்கப்படும் மாட்டு லாரிகள் மூன்று பெட்டிகளோடு 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே புழுதி எழுவதைக் கண்டதும் இடப்புறம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். போன பிறகும் புழுதி அடங்கும்வரை நகராதீர்கள். பின்னால் இன்னொன்று வரலாம். வண்டிக்கு வண்டி பேச உதவும் யூ.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 40ஆம் அலைவரிசையில் ஓட்டுநர்கள் பேசுவது கேட்கும். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். மாடுகளும் கங்காருகளும் சாலையில் நிற்கும்.

வழியில் வரும் ஸ்டர்ட் கல்பாலை நெடுகிலும் கூரான சிவப்புக் கற்கள் பரவிக் கிடக்கும். உதிரி டயர் இரண்டு வேண்டும், காற்றழுத்தத்தையும் குறைத்துக்கொண்டு நிதானமாக ஓட்ட வேண்டும். எரிபொருள் மாரியில், 204ஆவது கிலோமீட்டரில் உள்ள மங்கரானியில், பிறகு பேர்ட்ஸ்வில்லில்தான் கிடைக்கும். பெரும்பகுதியில் கைபேசி வேலை செய்யாது, செயற்கைக்கோள் தொலைபேசியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கணக்குப் போட்டு, கூடுதலாகச் சில நாட்களுக்கும் ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நகராதீர்கள். 1963 டிசம்பரில் இந்தத் தடத்தில் எரிபொருள் தீர்ந்து, காரை விட்டு நடந்துபோன ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் தாகத்தால் இறந்துபோனார்கள். நிற்கும் வண்டியை மேலிருந்து தேடுபவர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள். நடந்துபோகும் மனிதரைக் கண்டுபிடிப்பது கடினம்.

மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் கடுமையான அபராதம் உண்டு. அபராதத்தைவிட, ஈர மண்ணில் நீங்கள் போடும் தடம் காய்ந்து இறுகி, பண்ணைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாமலேயே கூப்பர் ஆற்றில் வெள்ளம் வருவதும் உண்டு. குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து சேரும். சாலை மூழ்கிய ஆண்டுகளில் வண்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்திருக்கிறார்கள்.

குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம், மே முதல் ஆகஸ்ட் வரை. பகல் இதமாக இருக்கும், இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி அவசியம். முகத்துக்கு ஈ வலை வாங்கிக்கொள்ளுங்கள். மங்கரானியில் ஓர் இரவாவது தங்குங்கள். அங்கே பழைய ஆழ்துளைக் கிணற்றின் வெந்நீர் வழிந்து ஒரு நீர்நிலையே உருவாகியிருக்கிறது. கந்தக வாடை கொஞ்சம் அடிக்கும், ஆனால் குளிர்ந்த காலையில் அந்த வெந்நீரில் இறங்கிய என் மகளை வெளியே கொண்டுவருவதற்குள் எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அக்டோபருக்குப் பிறகு வெயில் ஏறிவிடும். பள்ளி விடுமுறையை ஜூலையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.