சூப்பர்சிமெட்ரி தேடலில் ‘பெஞ்ச்மார்க்’ புள்ளிகள் எதற்கு? அவை அடிபட்டால் கொள்கையும் முடிந்ததா?

முடியவில்லை. தெரிந்த ஒவ்வொரு துகள் வகைக்கும் இன்னும் காணாத ஓர் இணைத் துகள் உண்டு என்பதுதான் சூப்பர்சிமெட்ரி; அதைத் தேட, அளவுருக்களுக்கு ‘இப்படி இருக்கட்டும்’ என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் மாதிரி எண்கள்தான் பெஞ்ச்மார்க் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை யாரும் கணிப்பு என்று சொல்லவே இல்லை. புதுச்சேரியில் முதுகலை மாணவர்களுக்குத் துகள் இயற்பியல் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வகுப்பில் வராமல் போவதில்லை.

சூப்பர்சிமெட்ரியின் மிகச் சிறிய வடிவத்திலேயே, கட்டுப்பாடு எதுவும் போடாவிட்டால், நூற்றுக்கும் மேற்பட்ட அளவுருக்கள். குளுயினோவின் (குளுவான் துகளின் இணை) நிறை என்ன, ஸ்டாப் (டாப் குவார்க்கின் இணை) எதுவாகச் சிதையும் என்பதையெல்லாம் கொள்கை சொல்லித் தராது. ஆனால் ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி இயந்திரத்தில் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை புரோட்டான் கொத்துகள் குறுக்கிடுகின்றன; பதிவாவது அதில் துளிதான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும். கடலூர் முதுநகரில் நெத்திலிக்கு ஒரு கண் வலை, வஞ்சிரத்துக்கு வேறு கண் வலை. யாருமே பார்த்திராத மீனுக்கு? ‘இவ்வளவு பெரிசு என்று வைத்துக்கொள்வோம்’ என்றுதான் தொடங்க முடியும்.

அப்படி 2001-இல் அமெரிக்காவின் ஸ்னோமாஸில் கூடியவர்கள் பொதுவாகச் சில புள்ளிகளைக் குறித்தார்கள். புகழ்பெற்றது எஸ்பிஎஸ் 1ஏ: நான்கு எண், ஒரு குறி, அவ்வளவுதான். அதில் குளுயினோ நிறை சுமார் 600 ஜிஇவி (துகள் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு; ஆயிரம் ஜிஇவி ஒரு டிஇவி). எல்எச்சி 2010-இல் 7 டிஇவியில் ஓடத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளின் தரவிலேயே இந்தப் புள்ளி அடிபட்டது.

அப்புறம், ஓரிரு துகள்களையும் ஒரே சிதைவு வழியையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் எளிமையாக்கிய மாதிரிகள் கைக்கு வந்தன. ஓர் உதாரணம்: குளுயினோ ஜோடியாகப் பிறக்கும். ஒவ்வொன்றும் இரண்டு டாப் குவார்க், ஒரு நியூட்ராலினோ (கருவியில் சிக்காமல் போய்விடும் மின்னூட்டமற்ற இணைத் துகள்) என்று நூற்றுக்கு நூறு சிதையும். கிடை அச்சில் குளுயினோ நிறை, செங்குத்தில் நியூட்ராலினோ நிறை, நடுவே வளைந்து ஓடும் விலக்குக் கோடு; அதற்கு உட்பட்ட நிறைகள் அடிபட்டவை. இதைத் திரையில் காட்டியபோது ஒரு மாணவி, “சார், அப்போ 2 டிஇவிக்குக் கீழே குளுயினோவே கிடையாதா?” என்றார்.

“படத்துக்கு மேலே எழுதியிருக்கிற நிபந்தனையைப் படிம்மா” என்றேன்.

அந்த நூறு சதவீதம் பாதியானால் கோடு பின்வாங்கும். இரு நிறைகளும் நெருங்கும் மூலைவிட்டத்தின் ஓரத்தில் நிலைமை இன்னும் மோசம்: சிதைவில் மிஞ்சும் ஆற்றல் குறைவு, ஜெட்டுகள் (சிதைவில் தெறிக்கும் துகள் கற்றைகள்) மெலிந்துவிடும், வழக்கமான மோதல்களின் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. வரம்பு அங்கே வெகுவாகத் தளரும். செய்தித் தலைப்புக்கு இதெல்லாம் எங்கே போகிறது!

என்னைக் கேட்டால், நூற்றுச் சொச்சத்தை 19 அளவுருக்களாகச் சுருக்கி, அவற்றை மாற்றி மாற்றி அலசும் பிஎம்எஸ்எஸ்எம் ஆய்வுகளைத்தான் அதிகம் நம்புவேன். படிக்கத்தான் பொறுமை வேண்டும்.

கணினி கையில் இருந்தால் இணைத் துகள்களின் நிறைகளைக் கணக்கிடும் சாஃப்ட்சூசி நிரலை இறக்கி, எஸ்பிஎஸ் 1ஏ-வின் அந்த நான்கு எண்ணையும் குறியையும் போட்டுப் பாருங்கள் (முதல் மூன்றும் ஜிஇவியில்): எம்-பூஜ்யம் 100, எம்-அரை 250, ஏ-பூஜ்யம் -100, டேன் பீட்டா 10, மியூ நேர்க்குறி. வரும் ஹிக்ஸ் துகளின் நிறையை 2012-இல் கண்ட 125 ஜிஇவியோடு ஒப்பிடுங்கள்.