ஒன்பது நாள் முடங்கிய கடை

கேள்வி: ஐந்து வருடங்களாக ஓவியம் வரைந்து, பிரிண்ட் போட்டு விற்கிறேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே ஒரு சமூக வலைதளம் வழியாகத்தான் வருகிறார்கள். பதினெட்டாயிரம் ஃபாலோயர்கள் இருக்கிறார்கள். போன மாதம் காரணம் சொல்லாமல் ஒன்பது நாள் கணக்கை முடக்கிவிட்டார்கள். அந்த ஒன்பது நாளும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது, பயம்தான் போகவில்லை. அங்கிருந்து மொத்தமாக வெளியேறி, சொந்த வெப்சைட் தொடங்கிவிடலாமா? அதற்கு என் பெயரை வைப்பதா, பிராண்ட் பெயரை வைப்பதா?

பதில்: வெளியேற வேண்டாம். புது ஆட்கள் உங்கள் ஓவியத்தைப் பார்ப்பது அங்கேதான். அதை விட்டுவிட்டு ஆளில்லாத வெப்சைட்டில் உட்கார்ந்தால், ஒன்பது நாள் ஈயோட்டியது ஒன்பது மாதமாகிவிடும்.

ஆனால் உங்கள் பயம் நியாயமானது. வைன் என்ற குட்டி வீடியோ ஆப் 2013-ல் வந்தது, 2017 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் பெயர் வாங்கியவர்கள், ரசிகர்களை ‘வேறு இடத்துக்கு வாங்க’ என்று கூவிக் கூவி அழைக்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் காதிலாவது விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பாடகர்கள் பாட்டு ஏற்றிவைத்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தின் கதை இன்னும் மோசம். சர்வர் மாற்றியபோது பன்னிரண்டு வருடப் பாடல்கள் தொலைந்துபோனது 2019-ல் வெளியே தெரிந்தது. சொந்தப் பிரதி வைத்திருக்காதவர்களுக்குப் பாட்டே போய்விட்டது. உங்கள் ஓவியங்களின் பெரிய அளவுக் கோப்புகள் உங்களிடம் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றனவா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

வெப்சைட்டை விட எனக்கு முக்கியமாகப் படுவது மின்னஞ்சல் பட்டியல். பதினெட்டாயிரம் பேர் இருந்தும், அந்த ஒன்பது நாளில் ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒருவருக்குக்கூட உங்களால் சொல்ல முடியவில்லை, இல்லையா? ஃபாலோயர்களை மூட்டை கட்டி எடுத்துப் போக வழியில்லை. மின்னஞ்சல் பட்டியல் அப்படியல்ல. அனுப்பித் தரும் சேவை பிடிக்கவில்லையா, முகவரிகளை ஒரு எக்செல் கோப்பாக இறக்கி, அடுத்த சேவையில் ஏற்றிவிடலாம்.

பழைய ஆர்டர்களைத் திறந்து பாருங்கள். இரண்டு தடவைக்கு மேல் வாங்கியவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். எல்லோரையும் கேட்காமலே பட்டியலில் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிக் கேளுங்கள்: “மாதம் ஒரு கடிதம் எழுதப் போகிறேன், அனுப்பட்டுமா?” சரி என்றவர்கள் மட்டும் போதும். கேட்காமல் அனுப்பினால் நாலு பேர் ‘ஸ்பேம்’ பொத்தானை அமுக்குவார்கள், அப்புறம் விரும்பிக் கேட்டவர்களுக்கும் உங்கள் கடிதம் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும். கடிதத்தில் விலைப்பட்டியல் மட்டும் போடாதீர்கள். வரைந்து பாழாய்ப் போன ஒரு ஸ்கெட்ச், அது ஏன் சரிவரவில்லை என்று நாலு வரி, கீழே இந்த மாதத்துப் பிரிண்ட். இதை ஆறு மாதம் விடாமல் அனுப்பிப் பாருங்கள்.

வெப்சைட் ஒரே பக்கமாக இருந்தால் போதும். ‘என் கலைப் பயணம்’ என்று ஆரம்பிக்காதீர்கள், யாரும் படிப்பதில்லை (நானும் ஒரு காலத்தில் எழுதினேன்). வருகிறவருக்குத் தெரிய வேண்டியது ஓவியம், அளவு, தாள், விலை, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதுதான். அதன் கீழே மின்னஞ்சல் கேட்கும் பெட்டி. சமூக வலைதளத்தில் உங்கள் பயோவில் இந்த முகவரி எப்போதும் இருக்கட்டும்.

டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி விஷயத்தில் நான் சூடு கண்டவன். என் முதல் தளத்தை அமைத்துத் தந்த நண்பர், டொமைனையும் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம், அவர் திறந்தே பார்க்காத ஒரு பழைய முகவரிக்குப் போயின. ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால் யாரோ ஒருவரின் விளம்பரப் பக்கம். டாட் காம் போன்ற முகவரிகளுக்குக் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு. அந்த முப்பதுக்குள் ஓடிப் பிடித்தேன், அபராதம் வழக்கமான கட்டணத்தைப்போல் பல மடங்கு. அதனால் யார் தளம் அமைத்துத் தந்தாலும் சரி, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்கட்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள். கார்டு மாறினால் அங்கேயும் மாற்ற மறக்காதீர்கள்.

பெயர் என்ன வைப்பது? நாளைக்கே ஓவியத்தை விட்டுக் களிமண்ணுக்குப் போனாலும் உங்கள் பெயர் உங்களோடு வரும் என்பதால், என் ஓட்டு அதற்குத்தான். ஒரே ஒரு சோதனை: போனில் ஒருவரிடம் அந்த முகவரியை ஒரு தடவை சொல்லி, எழுதச் சொல்லுங்கள். ‘இதில் எச் வருமா? ஏ ஒன்றா, இரண்டா?’ என்று கேட்டால் பிராண்ட் பெயருக்கே போய்விடுங்கள்.