பி.டி. மாஸ்டரிடம் கேளுங்கள்: வளர்ந்த பிள்ளையை மைதானத்துக்குக் கிளப்புவது எப்படி?

கடலூரில் இருபத்தெட்டு வருடம் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். டயட் சார்ட் கேட்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா: மகள் ஒன்பதாவது. ஏழாவது வரை எறிபந்து ஆடியவள், இப்போது வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. சோம்பலா?

சோம்பல் இல்லை அம்மா. ஏழாவது, எட்டாவதில் பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஒதுங்குவதை வருடா வருடம் பார்த்தவன் நான். மாதவிடாய், வெள்ளை யூனிஃபார்ம், சுவரோரம் நிற்கிற பையன்கள், ‘வயசுக்கு வந்த பொண்ணு குதிக்கிறா’ என்கிற பாட்டி. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 11 முதல் 17 வயதில் நூற்றுக்கு 81 பேருக்கு உடலசைவு போதவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பி.டி. பீரியட் வந்தாலே ‘வயித்து வலி சார்’ என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். திட்டவில்லை. ஸ்கோர் எழுதச் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் ஒரு அணியில் ஆள் குறைந்தது. நோட்டின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, ஜடையை மடித்துக் கட்டிக்கொண்டு அவளே உள்ளே போனாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்று கைதட்டியிருந்தால் மறுநாள் மறுபடியும் வேப்பமரம்தான்.

அடர்ந்த நிறத்தில் ஒரு டிராக் பேன்ட் வாங்கிக் கொடுங்கள். கூட வர ஒரு தோழியைப் பிடியுங்கள். அவள் எடையைப் பற்றி உறவினர் முன்னால் பேசாதீர்கள்.

முதுநகர் அப்பா: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: 5 முதல் 17 வயதுக்கு, தினம் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவுக்கு. வாரம் 3 நாளாவது தசையும் எலும்பும் பலப்படுகிற மாதிரி. டியூஷனுக்கு சைக்கிளை வேகமாக மிதித்துப் போவதும் சேரும். உங்கள் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது சேராது.

நெல்லிக்குப்பம் அப்பா: ஓடினால் தினம் இருபது ரூபாய் என்றேன். மூன்று வாரம் ஓடினான். இப்போது ஐம்பது கேட்கிறான்.

காசு கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1973இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு ‘வரைந்தால் பரிசு’ என்று முன்பே சொல்லிவிட்டு, வரைந்ததும் பரிசைக் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் பாட்டுக்கு விட்டபோது, பரிசே வாங்காத பிள்ளைகளைவிட அவர்கள் குறைவாகத்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு அந்தக் கேடு வரவில்லை. நீங்கள் ஓட்டத்தைக் கூலி வேலையாக்கிவிட்டீர்கள். கூலி உயரத்தானே செய்யும்?

பண்ருட்டி: பையனுக்கு முட்டி வலி...

டாக்டரிடம் போங்கள்.

செம்மண்டலம் அம்மா: தினம் பத்தாயிரம் அடி நடந்தால் புது ஃபோன் என்று சொல்லலாமா?

ஃபோனும் காசுதான். மேலே நெல்லிக்குப்பம் அப்பாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் அப்பா: சார், அடியாத மாடு படியாது. எங்கப்பா பிரம்போடு எழுப்பி ஸ்டேடியத்துக்கு விரட்டினார். மாவட்டப் போட்டி வரை போனேன்.

சந்தோஷம். கடைசியாக எப்போது ஓடினீர்கள்?

திருப்பாதிரிப்புலியூர் அப்பா: அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வேலைக்குப் போனதும் விட்டேன்.

அதுதான் சம்பந்தம். நுகத்தடியைக் கழற்றிய பிறகும் தானாக உழுகிற மாட்டை நான் பார்த்ததில்லை. டெசி, ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மூன்று விஷயம் சொல்கிறார்கள்: நானே எடுத்த முடிவு, என்னால் முடிகிறது, என்னோடு ஆள் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால்தான் ஆசை உள்ளேயிருந்து வரும். பிரம்பு முதலாவதையே உடைத்துவிடுகிறது.

செம்மண்டலம் அம்மா: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது மாஸ்டர். விட்டால் பத்து மணி வரை தூங்குகிறானே!

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். நேரத்தை நீங்கள் வையுங்கள், ஆட்டத்தை அவன் வைக்கட்டும். ‘ஐந்தரைக்கு மேல் யாரும் வீட்டில் உட்காரக் கூடாது’ என்றால் அது வீட்டு ஒழுங்கு. ‘யாரும்’ என்றால் நீங்களும்தான். அவனை சில்வர் பீச்சுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் சீரியல் பார்த்தால் செல்லாது.

திருப்பாதிரிப்புலியூர் அப்பா: கேரம்தான் ஆடுவேன் என்றால்?

மூச்சு வாங்க ஆடச் சொல்லுங்கள்!

தேவனாம்பட்டினம், பிளஸ் ஒன் மாணவன்: அங்கிள், வாலிபால் பிடிக்கும். ஆனால் அப்பா கோர்ட் ஓரமாக நின்று ‘எழும்புடா, அடிடா’ என்று கத்துவார். சர்வீஸ் போடும்போது கை நடுங்குகிறது.

தம்பி, உன் கேள்விதான் இன்றைக்கு முக்கியம். அப்பாவை வராதே என்று சொல்லாதே, மனசு உடைந்துபோகும். பந்து பொறுக்கிப் போடுகிற வேலையைக் கொடு. ஓடி ஓடிக் குனிந்து எடுக்கிறவருக்குக் கத்த மூச்சு இருக்காது. வீடு திரும்பும்போது அவர் ஆட்டத்தைப் பிரித்து மேய ஆரம்பித்தால், ‘பசிக்குதுப்பா’ என்று சொல். மற்ற அப்பாக்களும் இதைப் படியுங்கள்.

மஞ்சக்குப்பம்: கணக்கு சார் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்கிறார்...

இதையே ஐந்து பேர் கேட்டாயிற்று. ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டுத் தோற்றவன் நான். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள், உங்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

குறிஞ்சிப்பாடி: ஓடினால் மாதம் ஐந்நூறு...

மேலே படியுங்கள் ஐயா.

திருப்பாதிரிப்புலியூர் அப்பா: கடைசியாக ஒன்று சார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்க எந்த ஆட்டம் சுலபம்?

சுற்றிச் சுற்றிக் காசுக்கே வந்துவிட்டீர்களே!