ரங்கப்பிள்ளை மாளிகை

கேள்வி: புதுச்சேரி ரங்கப்பிள்ளை தெருவிலுள்ள பழைய மாளிகையைப் பற்றியும், அங்கு வாழ்ந்த குடும்பத்தைப் பற்றியும் கூறுங்களேன்.
வாசகர், கடலூர்

பதில்: பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும், விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் இல்லம் அது. கீழ்த்தளம் முற்றமும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களுமாகத் தமிழ் மரபில் அமைய, மாடியோ வெண்சுதைத் தூண்களோடு பிரெஞ்சுப் பாணியில் எழுந்திருக்கிறது. பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். குடும்பத்தைப் புதுவைக்கு வரவழைத்த உறவினர் நைனியப் பிள்ளை, பிரெஞ்சுச் சிறையிலேயே உயிர்துறந்தது பெருங்கொடுமை. 1736 முதல் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பில் துணி வணிகம், கப்பல் வரவு, ஆளுநர் மாளிகைப் பேச்சு என அனைத்தும் அன்றைய பேச்சுத் தமிழிலேயே பதிவாகியிருக்கின்றன. நமக்குக் கிடைத்த அரிய செல்வம் என்றே அதைச் சொல்வேன். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன் அவர் காலமானார். வெற்றி பெற்றவர்கள் நகரை இடித்துத் தள்ளியபோதும் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் இம்மாளிகையும் ஒன்று. நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தை அக்குடும்பத்துத் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்தார்.